நடுத்திட்டில் விட்டுவந்த தடங்கள்

மாசி மாதம் இரண்டாம் வாரத்தில் ஒன்பது சோடிக் காலடித் தடங்கள், ஆள் இல்லாமல், தாமாகவே நடந்து எங்கள் கருங்கழிப் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது ஊரில் யாரும் அலறவில்லை, யாருக்கும் குலை நடுங்கவில்லை. வந்தது வந்துவிட்டது, இதுகளை எங்கே நிறுத்துவது, வலை காயப்போடும் இடத்தில் வந்து நிற்கிறதே, தெரியாமல் மிதித்துவிட்டால் தோஷமா என்பதுதான் அன்றைக்குப் பேச்சாக இருந்தது. விரல்கள் எல்லாம் கரையைப் பார்த்து, குதிகால்கள் எல்லாம் தண்ணீரைப் பார்த்து, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி அவை வரிசையாக நின்றன. என் அக்காள் புருஷன் வைரக்கண்ணு மட்டும் மூன்றாவதாக நின்ற சோடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார். அந்தச் சோடியில் இடதுகால் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. அத்தானுக்கும் அப்படித்தான். அவர் மகள் செண்பகவல்லிக்கும் அப்படித்தான்.

இதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்களை நல்லவர்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

கருங்கழி அலையாத்திக் காட்டின் வாயில் இருக்கிற ஊர். துறையிலிருந்து படகை எடுத்து, மரங்கள் மேலே கைகோத்துக்கொண்டு நிற்கும் வாய்க்கால்களில், நீர்க்காகங்கள் சிறகு காயவைக்கும் கிளைகளுக்குக் கீழே குனிந்து குனிந்து ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டு போனால், திடீரென்று வானம் திறந்து தண்ணீர் ஏரியாக விரியும். அதன் நடுவில், நீர் இறங்கும்போது மட்டும் தலைகாட்டுகிற ஒரு சேற்று மேடு கிடக்கும். அதுதான் நடுத்திட்டு. நண்டு பார்க்க அங்கே இறங்குவோம். இறங்கினால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திரும்பும்போது போன வழியிலேயே பின்பக்கமாக நடந்து, கையில் இருக்கும் அலையாத்திக் கிளையால் தன் தடத்தைக் கலைத்துக்கொண்டே வந்து படகில் ஏற வேண்டும். தடத்தை விட்டுவிட்டு வந்தால் ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்று மண் நினைத்துக்கொள்ளும் என்பார்கள். நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் விட்டுவிட்டு வந்ததில்லை.

சில வருஷமாக வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். படகில் போய், முழங்கால் சேற்றில் நடந்து, நண்டுக் குழம்போடு சோறு தின்றுவிட்டு, இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாமல் இருந்துவிட்டோமே என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அவர்கள் தடத்தையும் நாங்களே கலைத்து விடுவோம். வைரக்கண்ணு அத்தான் இதில் ரொம்பக் கறார். கலைத்த இடத்தைத் திரும்ப ஒரு தடவை கலைப்பார்.

தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், திருச்சியில் படிக்கிற செண்பகவல்லி தன்னோடு படிக்கும் ஏழு பெண்களையும் நித்யகல்யாணி என்ற ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று வருஷமாக ஹாஸ்டலில் ஊர்ப் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டவள், அன்றைக்குத் துறையில் எல்லோர் முன்னாலும் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவுங்கதான் எங்கப்பா" என்று சொன்னாள். அத்தானுக்கு அதற்குப் பிறகு படகு ஓட்டவே தெரியவில்லை, இரண்டு தடவை வாய்க்கால் மாறிப் போனார். அவர் படகில் ஐந்து பேர், என் படகில் நான்கு பேர்.

திட்டில் இறங்கியதும் அந்தப் பெண்கள் சேற்றில் ஓடியதையும் விழுந்ததையும், தண்ணீருக்கு அப்பால் பூநாரைக் கூட்டம் ஒரே மூச்சில் கிளம்பியதும் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டதையும் நான் பார்த்தேன். நித்யகல்யாணிக்கு நாற்பது வயதிருக்கும். சல்வாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, தொப்பென்று விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சின்ன வயசுல மழையில நடந்தது. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் எனக்குக் கால் இருக்கறதே தெரியுது" என்று என்னிடம் சொன்னார். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

நீர் ஏறும் நேரம் வந்தது. அத்தான் கிளையை ஒடித்துக்கொண்டு வந்தார். செண்பகவல்லி ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தா என்னா?"

"பேய் ஓட்டற மாதிரி இருக்குப்பா. அவுங்க தடத்தையெல்லாம் ஃபோட்டோ எடுக்கறாங்க. அப்புடியே இருக்கட்டும்."

"சரி, ஒன்னோடத மட்டுமாவது கலைச்சுடறேன்."

"என்னோடது மட்டும் எதுக்கு? நான் என்னா அவுங்கள விட ஒசத்தியா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிள்ளைப் பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள், அவருக்கு மறைத்தது பாசம். எனக்கு எது மறைத்தது என்று நான்தான் யோசிக்க வேண்டும். "தண்ணி வந்தா தானா அழிஞ்சிரும், என்னா மாப்ளே" என்றார். "ஆமா அத்தான்" என்றேன். பிறகு இரண்டு பேரும், ஆளுக்கொரு பக்கம், யாருக்கும் தெரியாதபடி, எங்கள் தடத்தை மட்டும் ஒழுங்காகக் கலைத்துவிட்டுப் படகில் ஏறினோம்.

மறுநாள் நீர் இறங்கியபோது தடங்கள் அழியவில்லை. இருந்த இடத்திலும் இல்லை. நாற்பது முழம் தள்ளிப் போயிருந்தன. நீர் மூடியிருக்கும் நேரத்தில் அவை நடந்தன. நீர் விலகினால் நின்றன. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டைச் சுற்றிவிட்டு, வாய்க்காலுக்குள் இறங்கி, எந்த வாய்க்காலில் அந்தப் பெண்கள் வந்தார்களோ அதே வாய்க்காலின் ஓரச் சேற்றில், ஒன்றன் பின் ஒன்றாக, வழிநெடுகப் பேசிக்கொண்டு வருகிறவர்கள் மாதிரி நடுநடுவே நின்று நின்று, முப்பது நாளில் துறைக்கு வந்து சேர்ந்தன. அதற்கு மேல் ஏற்ற நீர் வராது. அதனால் அவையும் வரவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. எங்கள் ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும், புயலுக்கே பழகிய ஊர். கிளையால் கலைத்துப் பார்த்தோம், மறு ஏற்றத்தில் அதே இடத்தில் அச்சு வார்த்த மாதிரி வந்து நின்றன. முதல் நீர் ஏறும் முன்னால் கலைத்திருக்க வேண்டும், இனிமேல் கலைப்பது கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று புரிந்தது. ஊராட்சித் தலைவர் மேலே சிமெண்டு பூசிவிடலாம் என்றார், பூசினோம், காய்ந்த சிமெண்டின் மேல் ஒன்பது சோடியும் நின்றன. பிறகு பெண்கள் அவற்றைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பிள்ளைகள் பெயர் வைத்தார்கள்: இரண்டாவது விரலில் வளையம் பதிந்தது மெட்டிக்காரி, முன்கால் மட்டும் அழுந்தியது அவசரக்காரி. யாரோ ஒரு புண்ணியவதி வெயிலுக்கு இரக்கப்பட்டு ஒன்பது சோடி ரப்பர் செருப்பு வாங்கி எதிரில் வைத்தாள். மீன் கூடையோடு போகிறவர்கள், "கொஞ்சம் தள்ளு தாயி" என்று சொல்லிவிட்டு ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரோ எடுத்த படம் ஃபோனுக்கு ஃபோன் பரவி, தடங்களைப் பார்க்கவே வெளியூரிலிருந்து கூட்டம் வந்தது. நாங்கள் அவர்களைப் படகிலும் ஏற்றிக்கொண்டு போனோம், திட்டில் மட்டும் இறக்கவில்லை. வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கே துறையைப் பூட்டியிருப்போம்.

மூன்றாவது சோடி யாருடையது என்று அத்தான் என்னிடம் மட்டும்தான் சொன்னார். அக்காள் தையல்நாயகியிடம்கூடச் சொல்லவில்லை. செண்பகவல்லியை ஃபோனில் கூப்பிட்டு, ஊருக்கு வராதே என்று மட்டும் சொன்னார். ஏன் என்றதற்கு, "வராதன்னா வராத" என்று வைத்துவிட்டார். அவள் என்னைக் கூப்பிட்டு அழுதாள். தன்னைப் பற்றி யாரோ ஏதோ கோள் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள், வயசுப் பெண் வேறு எதை நினைக்கும். நானும் உண்மையைச் சொல்லவில்லை.

பங்குனி பிறந்து நான்காம் நாள், காலைப் பேருந்தில் நித்யகல்யாணி வந்து இறங்கினார்.

படத்தில் தன் மெட்டியைப் பார்த்துவிட்டு, கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் வந்திருந்தார். துறையில் இருபது முப்பது பேர் இருந்தோம். அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்ததையும், "என் காலு என்னைவிட நல்லா ஊர் சுத்துது போலருக்கே" என்றதையும், செருப்பைக் கழற்றி வைத்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் போதும். இருபது முப்பது வாய் இருந்தது. என்ன ஆகும் என்று பார்க்கிற ஆசை எங்கள் அத்தனை பேருக்கும் இருந்தது, இதைச் சொல்லாமல் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அவர் வலதுகாலை வைத்தார், இடதுகாலை வைத்தார். உறையில் போட்ட மாதிரிப் பொருந்தியது. அப்படியே திரும்பி, தண்ணீரில் இறங்கி, வாய்க்கால் ஓரமாகவே நடந்து திட்டுக்குப் போனார்.

திட்டில் அவர் சுற்றிச் சுற்றி நடந்தார். நீர் இறங்கியபோது சேற்றில் நடந்தார், ஏறியபோது இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். முகத்தில் அன்றைக்குப் பார்த்த அதே சந்தோஷம் இருந்தது, மாறவே இல்லை, அதுதான் பார்க்க முடியவில்லை. அவர் புருஷன் வந்து படகில் உட்கார்ந்து கூப்பிட்டார், கெஞ்சினார், இறங்கிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தார். நல்லவேளை, இறங்கிய அந்தப் புருஷனுடைய தடத்தை நாங்கள் உடனே கலைத்தோம். அந்தம்மாவை மூன்று தடவை தூக்கிப் படகில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தோம். மூன்று தடவையும் அடுத்த நீர் ஏறி இறங்கியபோது அவர் திட்டில் நடந்துகொண்டிருந்தார். "வீட்டுக்கு வா கல்யாணி" என்று அந்த மனிதர் கேட்கும்போதெல்லாம், "நல்லாருக்குங்க. இன்னும் ஒரு சுத்து" என்பார். முப்பத்தெட்டாம் நாள் கால் ஓய்ந்து சேற்றில் உட்கார்ந்தார். நீர் ஏறியது. இறங்கியபோது அங்கே ஆளும் இல்லை, தடமும் இல்லை. அந்த மனிதர் இரண்டு நாள் துறையிலேயே இருந்தார். அவர் முன்னால் போய் நிற்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. அத்தான் ஏழு பெண்களுக்கும் ஃபோன் போட்டு, தண்ணீர்ப் பக்கமே வராதீர்கள் என்று சொன்னார். நான்கு பேர் அழுதார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருத்தி நம்பரை மாற்றிவிட்டாள். எட்டாவதாகத் தன் மகளுக்குப் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள். அப்புறம், "நான்தானப்பா ஒங்க கையப் புடிச்சேன்" என்றாள்.

"நீ புடிச்சா, நான் விட்டுருக்கக் கூடாது. அத வுடு. நீ வராத, அது போதும்."

சித்திரை கடைசியில் ஒரு காலை, எட்டு மணி இருக்கும், அவள் எனக்கு ஃபோன் செய்தாள். பேருந்துச் சத்தம் கேட்டது.

"மாமா, நான் வந்துகிட்டிருக்கேன். பத்து மணிக்கு எறங்கிருவேன். அப்பாட்ட சொல்லாதீங்க."

"எதுக்குடி வர்ற? சொன்னா கேக்க மாட்ட?"

"என் தடத்த நானே கலைக்கிறேன் மாமா. நீங்கள்லாம் கலைச்சா வருது. நான் கலைச்சா வராம போகலாம்ல? கல்யாணி மேடத்தக் கூட்டியாந்தது நான். ஹாஸ்டல்ல படுத்துத் தூங்கச் சொல்றீங்களா என்னை?"

நான் அத்தானிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தவர், கட்டிய முடிச்சை முடித்துவிட்டு எழுந்தார். துறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அவசரப்படாதீங்க, பேருந்தை வழியிலேயே நிறுத்துவோம், ஆளைப் பிடித்துத் திருப்பி அனுப்புவோம் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

"இன்னைக்குத் திருப்பலாம் மாப்ளே. நாளைக்கு வருவா. அவ என் மவ."

மூன்றாவது சோடியின் முன்னால் நின்று செருப்பைக் கழற்றினார். அவர் பாதம் அந்தத் தடத்தைவிட இரண்டு விரல்கடை நீளம். ஆனால் இடதுகால் சுண்டுவிரல் அதே மாதிரிதான். அந்த விரலை முதலில் வைத்து, பார்த்து, பிறகு பாதம் முழுவதையும் அழுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மண் யோசித்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு அவர் முகம் மாறியது. முப்பது வருஷமாக அவரோடு படகு தள்ளுகிறேன், அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை, அவர் கல்யாணத்தில்கூட இல்லை. "நல்லாருக்கு மாப்ளே" என்றார். திரும்பித் தண்ணீரில் இறங்கினார். அவர் பின்னால் சிமெண்டில் மூன்றாவது இடம் வெறுமையாக இருந்தது. பத்து மணிப் பேருந்து சரியாக வந்தது.

செண்பகவல்லி நேராகப் படகில் ஏறினாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. அக்காளும் நானும் கூடப் போனோம். திட்டில் அவர் நடந்துகொண்டிருந்தார். மகளைப் பார்த்துக் கையசைத்தார், திருவிழாவில் தூரத்தில் பார்த்த தெரிந்தவருக்கு அசைக்கிற மாதிரி. செண்பகவல்லி அவரைப் பார்க்கவில்லை, சேற்றைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தப் பெரிய கால் அழுந்தி எடுத்த இடத்திலெல்லாம், இரண்டு விரல்கடை குறைந்த, சிறிய பாதம் பதிந்திருந்தது.

அக்காள் தன் முந்தானையை அவிழ்த்து மகளையும் தன்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டுதான் அழுதாள்.

அவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதில் ஊர் இரண்டாகப் பேசுகிறது. ஒரு ஆள் போனால் ஒரு சோடி தடம் போகும், கணக்குத் தீர்ந்தது, பிள்ளைக்கு இனி ஆபத்தில்லை என்று ஒரு பக்கம். நடப்பது அவர், பதிவது அவள். அவர் ஓய்ந்தால் மண் அவளைத்தான் தேடிக்கொண்டு வரும் என்று என் அக்காள். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இதுவும் முன்னால் நடந்ததில்லை. அதனால் அவரை உட்காரவிடக் கூடாது என்று முடிவு செய்தோம். அந்தம்மாவை உட்காரவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியும் அதில் இருக்கிறது. ஒரு நேரத்துக்கு இரண்டு பேர், அவர் கைகளை எங்கள் தோளில் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாகக் கூடவே நடக்கிறோம். அரைஞாண் கயிற்றில் அலையாத்திக் கிளையைப் பின்பக்கமாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், அது எங்கள் தடத்தை உடனுக்குடன் கலைத்துக்கொண்டே வரும். தூரத்திலிருந்து பார்த்தால் வால் முளைத்தவர்கள் மாதிரி இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நீர் ஏறினால் படகை ஒட்டிப் பிடித்து அவர் அக்குளில் கயிறு கொடுத்துக்கொள்கிறோம். சோற்றை உருட்டி நடக்கும்போதே வாயில் கொடுக்கிறோம். மீன் பிடிக்கப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஊரே முறை வைத்து நடக்கிறது. துறையில் ஏழு சோடி இன்னும் கரையைப் பார்த்து நிற்கிறது.

முப்பத்தெட்டாம் நாள் தாண்டியபோது துறையில் தேங்காய் உடைத்தார்கள். இன்றைக்கு அறுபத்தொன்றாம் நாள். அத்தானுக்கு வருகிற ஆடிக்கு ஐம்பத்துநான்கு முடிகிறது. வலது தோளில் அவரைத் தாங்கிக்கொண்டு நான் நடக்கிறேன். காலையில் வரும்போது அவர் கை என் தோளில் சும்மா கிடந்தது, இப்போது கனக்கிறது. அவர் முழங்கால் இரண்டு தடவை மடங்கியது. இரண்டு தடவையும் மறுபக்கத்துக்காரனும் நானுமாகத் தூக்கி நிறுத்தினோம்.

"போதும்னா சொல்லுங்க அத்தான்" என்று எதற்கோ கேட்டுவைத்தேன்.

"இன்னும் ஒரு சுத்து மாப்ளே" என்றார் சிரித்துக்கொண்டே.

ஒரு மணிக்கு நீர் ஏறும். இருபதடி தள்ளிப் படகு நிற்கிறது. அக்காள் அசதியில் படகின் விளிம்பில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவள் இடுப்பில் கட்டிய சேலையின் மறுமுனை அவிழ்ந்து பலகையில் கிடக்கிறது. செண்பகவல்லி செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டு, சேற்றில் பதியும் தன் தடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் பக்கம் பார்க்காமல் நடக்கிறேன்.